இரண்டாம் நாள் சாயங்காலம்

“ஒரு நொடி வேலை மேடம், ஒரே ஒரு கையெழுத்து” என்று சுகாதாரத் துறை இயக்குநர் சதாசிவம் தொலைபேசியில் சொன்னது பொய்யில்லை. செண்பகவல்லியின் கையெழுத்து அவ்வளவு சின்னதுதான். முதல் எழுத்தும் பின்னால் ஒரு சுழியும். இருபத்தாறு வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் பெயரின் மீதியெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. ஆனாலும் விலக்குப் படிவம் மேஜைக்கு வந்து இருபது நிமிஷம் ஆகிறது, பேனாவின் மூடியைக் கழற்றியாகிவிட்டது, கை மட்டும் போக மாட்டேன் என்கிறது. விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், பாஸ்போர்ட் பார்க்கும் வரிசைக்கு முன்னால், கண்ணாடி வைத்துத் தடுத்த அறைதான் அவளுடைய அலுவலகம். வெளிநாட்டு வியாதி எதுவும் விமானத்தில் ஏறி ஊருக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அங்கே உட்காரவைக்கப்பட்டிருக்கும் டாக்டர் அவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மற்றவர்கள் உட்காரும் அதே பிளாஸ்டிக் நாற்காலியில், யுகேந்திரன் நீண்ட கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். மாநிலமே செல்லமாக யுகி என்று கூப்பிடும் வேகப்பந்து வீச்சாளன். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். இன்று வியாழன். ஏதோ ஷூ விளம்பரத்துக்காகக் கென்யாவில் சிங்கங்களுக்கு முன்னால் ஓடிவிட்டு வந்திருக்கிறான். சிங்கத்துக்குப் பயப்படாதவன் ஊசிக்குப் பயந்துவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது, சிரிப்பு வரவில்லை.

ஊசி போடாதவன் ஆறு நாள் தனியறையில் இருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடுகளிலிருந்து வருகிறவர் ஊசி போட்ட அட்டையைக் காட்டினால் போகலாம், இல்லாவிட்டால் கொசுவலை அடித்த ஜன்னலுள்ள அறையில் ஆறு நாள், காய்ச்சல் வரவில்லையென்றால் ஏழாம் நாள் வீட்டுக்கு. அந்த வியாதி நம் நாட்டில் இல்லை. அதைப் பரப்பும் கொசு மட்டும் வீட்டுக்கு வீடு பூந்தொட்டியிலும் வாளியிலும் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. வியாதிக்காரன் ஒருவன் வந்து கையை நீட்டினால் போதும். கொசுவுக்குக் கிரிக்கெட் தெரியாது, யார் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று பார்த்தா கடிக்கப்போகிறது. இதைச் செண்பகவல்லி நம்பினாள். சம்பளத்துக்காக நம்பவில்லை, உண்மையாகவே நம்பினாள், அதுதான் தொல்லை. யுகேந்திரன் ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தான், அணியின் மருத்துவர் எழுதியது, உடல்நிலை காரணமாகத் தடுப்பூசி உகந்ததல்ல என்று. என்ன உடல்நிலை? நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் பந்து போடுகிற உடல்நிலை. அவனே ஒளிக்காமல் சொல்லிவிட்டான்: “ஊசி போட்டா ரெண்டு மூணு நாள் காய்ச்சல் வரும்னாங்க மேடம். ஃபைனல் முடியட்டும்னு தள்ளிப்போட்டேன்.” முகத்தில் கள்ளம் இல்லை. வந்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அவன் திமிராகப் பேசியிருந்தால் அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும், படிவத்தை இந்நேரம் முகத்தில் அடித்தமாதிரி திருப்பியிருக்கலாம்.

வாசலில் போலீஸ்காரர்கள் முறைவைத்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய உதவியாளர் சூசை மட்டும் எடுக்கவில்லை. எடுக்க ஆசை, மேடம் என்ன நினைப்பாரோ என்று அலமாரிப் பக்கம் நின்று ஏற்கெனவே அடுக்கியிருந்த அட்டைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். சதாசிவம் சார் இரண்டு தடவை பேசியாகிவிட்டது. முதல் தடவை விதியின் பத்தாம் பத்தியில் பொதுநலன் கருதி விலக்கு அளிக்கலாம் என்றிருப்பதை எடுத்துப் படித்தார். இறுதி ஆட்டம் பொதுநலனா சார் என்று அவள் கேட்டபோது, “ஞாயித்துக்கிழமை அவன் ஆடலேன்னா தெரியும் மேடம், பொதுநலன்னா என்னன்னு” என்று சிரித்தார். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை, குரலும் உயரவில்லை. “நீங்க போடலேன்னா நானே இங்கேர்ந்து போட்டுடுவேன், அதிகாரம் இருக்கு. ஆனா ஒரு ஆபீசர் ஏன் மறுத்தாங்கன்னு மேல கேப்பாங்க. ஒரு டீம் வரும். வந்தா இன்னிக்கு ஃபைல மட்டுமா பாப்பாங்க? பத்து வருஷத்து ரெஜிஸ்டரையும் எடுத்து வெச்சு உக்காருவாங்க. உங்களுக்கு எதுக்கு மேடம் அந்தத் தலைவலி.” இதை அவர் எல்லா அதிகாரியிடமும் சொல்வார். தெரிந்து சொல்லியிருக்க முடியாது. தெரிந்திருந்தால் ஒன்பது வருஷமாகச் சும்மா இருந்திருப்பாரா. பத்து வருஷத்து ரெஜிஸ்டர் என்று ஏன் சொன்னார், ஐந்து என்று சொல்லியிருக்கலாமே, வாய்க்கு வந்த எண்ணா, பத்து என்பது வாய்க்கு எளிதில் வருகிற எண்தான். பத்தில் ஒன்பது அடங்கிவிடுகிறது. ரெஜிஸ்டர் பின்னால் இரும்பு அலமாரியில்தான் இருக்கிறது, மூன்றாம் தட்டு, பச்சை பைண்டிங், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரியும்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருப்பவர் பொங்கியண்ணன். திருச்செங்கோட்டுக்காரர், போர்வெல் வண்டி ஓட்டுபவர். அந்த ஊர் ஆட்கள் நாடெல்லாம் துளைபோட்டு முடித்து ஆப்பிரிக்காவிலும் தண்ணீர் எடுக்கப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். உகாண்டாவிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் வந்து இறங்கினார், சட்டைக் காலரில் செம்மண், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, கண் சிவந்திருந்தது. விமானம் ஏறப்போகிற நேரத்தில் அப்பா செத்துப்போன செய்தி வந்திருக்கிறது. ஒரே மகன். ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்றார். மஞ்சள் அட்டையை நீட்டினார், மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய அட்டை, ஊசி போட்டுப் பத்து வருஷமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. அட்டை பத்து வருஷத்துக்குத்தான் செல்லும், அதிலேயே அச்சடித்திருக்கிறது. நான்கு மாதம். நான்கு மாதம்தானேம்மா என்று சூசைகூடக் கேட்டார். அன்றைய செண்பகவல்லிக்கு நான்கு மாதமும் நாற்பது வருஷமும் ஒன்று, அவள் அப்படிப்பட்டவள் என்று அலுவலகத்தில் பெயர், அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை. இல்லை என்று இப்போது எதற்குச் சொல்ல வேண்டும், பெருமைதான், வெட்கங்கெட்ட பெருமை. பொங்கியண்ணன் கத்தவில்லை, காலில் விழவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “எனக்கு மட்டுமுங்களா டாக்டரம்மா, இல்ல எல்லாத்துக்குமுங்களா?” என்றார். “எல்லாருக்கும்தான். மந்திரியே வந்தாலும் ஆறு நாள்தான்.” அவர் தலையை ஆட்டினார். “அப்பச் சரீங்க. எல்லாத்துக்கும் இதுதான்னாச் சரீங்க.” நிஜமாகவே அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது, அதை அவள் பார்த்தாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் அறைக்குள் போனார்.

அந்த வாரம் அலுவலகத்தில் இந்தி வாரக் கொண்டாட்டம். மத்திய சர்க்கார் அலுவலகமென்றால் வருஷாவருஷம் வரும். கட்டுரைப் போட்டி, கையெழுத்துப் போட்டி, யாருக்கும் இந்தி தெரியாத அலுவலகத்தில் யாராவது ஒருவருக்கு முதல் பரிசு. அதைப் பற்றிய சுற்றறிக்கைகளை யாரும் படிப்பதில்லை, வந்ததும் தேதி முத்திரை குத்தி இடது பக்கத் தட்டில் போட்டுவிடுவார்கள், அது ஒரு வழக்கம், அவளே ஆரம்பித்து வைத்த வழக்கமாகக்கூட இருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம், அதாவது பொங்கியண்ணன் வந்த இரண்டாம் நாள், பரிசளிப்புக்கு வரச்சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்ததால் எந்த இடம் என்று பார்க்க அந்தத் தட்டைக் கிளறினாள். இந்தி வாரக் காகிதத்துக்கு அடியில், அதே குண்டூசியில் மாட்டிக்கொண்டு, இன்னொரு காகிதம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இனி ஆயுளுக்கும் செல்லும், பத்து வருஷக் கணக்கு ரத்து. ஏழு வாரத்துக்கு முந்தைய தேதி. அலுவலக முத்திரை குத்தியிருந்தது, பக்கத்தில் அவளுடைய முதல் எழுத்தும் சுழியும், படிக்காமலே போட்டது. மணி ஐந்தரை. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது, அதனால் தெரியும், இன்றைக்கும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தால் முதலில் ஐந்தரையைத்தான் தேடுகிறாள். பொங்கியண்ணன் அப்போது அலுவலகத்துக்குப் பின்புறத் தனியறையில் ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார். “நாளைக்குக் காத்தால ஒம்போது மணி வரைக்கும் பாத்துட்டு எடுத்துருங்க, மாப்பிள்ளையக் கொள்ளி வெக்கச் சொல்லுங்க, நான் வரமாட்டேன், இங்க எல்லாத்துக்கும் அதுதானாமா.” அவள் கேட்டாள். வராந்தாவில் காகிதத்தோடு நின்று கேட்டாள். சாவி சூசையிடம் இருந்தது, பத்தடி தூரம்.

ஏன் திறக்கவில்லை என்று ஒன்பது வருஷமாகக் காரணம் சொல்லி வருகிறாள், காரணத்துக்கா பஞ்சம். திறந்தால் ஏன் நேற்றே திறக்கவில்லை என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் அவர் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பேப்பர்காரர்கள் வருவார்கள், விசாரணை வரும், மகளுக்கு அந்த வருஷம் பிளஸ் டூ. திங்கட்கிழமை மேலிடத்தில் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தாள். கேட்கவேண்டியது ஒன்றுமில்லை, காகிதம் தெளிவாகத்தான் இருந்தது. எப்படியும் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டார் என்றும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள், அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே சொல்லிக்கொண்டாள், பார்க்கப் பயம். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் பொங்கியண்ணன் ஒரு வாளித் தண்ணீரை உடுத்திய வேட்டியோடு தலையில் ஊற்றிக்கொண்டார், மீசையைத் தானே மழித்துக்கொண்டார், மேலுதட்டில் இரண்டு வெட்டு, அவள்தான் மருந்து போட்டாள். மருந்து போடும்போது அவர் “தொந்தரவு குடுக்கறனுங்க” என்றார். வியாழக்கிழமை போகும்போது கையெடுத்துக் கும்பிட்டு, அவள் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து தினம் காலையில் ஒரு ரோஜாப்பூப் படம், இனிய காலை வணக்கம் என்று எழுதியது, ஒரு நாள் தவறாமல். அவள் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. நம்பரைத் தடுத்துவிடவும் கை வரவில்லை. இன்று காலையில் வந்தது மஞ்சள் ரோஜா.

“மேடம்.” யுகேந்திரன் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டினான். “தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா? இந்த ஆறு நாள் ரூல்ல நிஜமாவே யாரையாவது வெச்சிருக்கீங்களா? இல்ல சும்மா பேப்பர்லதான் இருக்கா?” கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். “வெச்சிருக்கேன்” என்றாள். “ஆறு நாள் முழுசாவா?” “முழுசா. அவங்கப்பா செத்துப்போய் வந்தவர். போர்வெல் வண்டி ஓட்டறவர்.” “ஐயோ பாவம்” என்றான் யுகேந்திரன். உண்மையாகவே முகம் சுருங்கியது. அப்புறம் அவன் போன் அடித்தது, திரும்பிக்கொண்டான், இரண்டாவது வார்த்தையிலேயே சிரித்தான். இருபத்தேழு வயது, அவன் சிரிக்காமல் என்ன செய்வான். செண்பகவல்லிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, வந்தால் நன்றாயிருக்கும் என்று தேடிப்பார்த்தாள். இவனைப் பிடித்துவைத்தால் மட்டும் அவள் சொன்ன வார்த்தை மெய்யாகிவிடுமா, செல்லுபடியாகிற அட்டையோடு வந்தவரை அடைத்துவைத்த அலுவலகம், அட்டையே இல்லாதவனை விடுவதற்குப் பத்தி தேடிக்கொண்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ரெஜிஸ்டர் அலமாரியில் கிடக்கும், நான்கு வருஷத்தில் ஓய்வு பெறுவாள், மாலை போடுவார்கள், நேர்மையான அதிகாரி என்று யாராவது பேசுவார்கள், ரோஜாப்பூ வந்துகொண்டே இருக்கும். எத்தனை வருஷத்துக்கு? மனிதருக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. சாகும்வரை தினம் ஒரு ரோஜா வாங்கிக்கொள்ள வேண்டும். போடாவிட்டால் நாளைக்கோ மறுநாளோ யாரோ நான்கு பேர் வந்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறப்பார்கள், பொங்கியண்ணனுக்கு யாரோ ஒரு குமாஸ்தா கடிதம் எழுதுவான், பார்வை ஒன்று பார்வை இரண்டு போட்டு.

அவள் படிவத்தில் விலக்கு என்ற கட்டத்தில் கோடு அடித்தாள். பக்கத்தில் தனிமை, ஆறு நாள் என்று எழுதி, முதல் எழுத்தோடு நிறுத்தாமல் முழுப்பெயரையும் எழுதினாள். எழுத எழுத எழுத்து கோணிக்கொண்டு போயிற்று, பழக்கமில்லை. “சூசை, இதை ஸ்கேன் பண்ணி டைரக்டருக்கு அனுப்புங்க. ஆறாம் ரூமைத் திறந்து பெட்ஷீட் மாத்துங்க.” சூசை படிவத்தைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். “மேடம், எப்படியும் விட்டுருவாங்க மேடம்.” “தெரியும்.” “அப்புறம் எதுக்கு மேடம் நாம...” “போங்க சூசை.” அவர் போனார். அவளுக்கு வீரமாக ஒன்றும் தோன்றவில்லை. ஊருக்காகச் செய்தேனா, கொசுவுக்காகச் செய்தேனா, பிடிபடுவதற்கு நானே நாள் குறித்துக்கொண்டேனா என்று கேட்டுப் பார்த்தாள். குமாஸ்தாவின் கடிதம் போவதற்குள் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. போனை எடுத்து ரோஜாப்பூக்களுக்கு நடுவே விரலை வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“டாக்டரம்மா! நீங்களா கூப்பிடறீங்க? நம்ப முடியிலீங்களே. நல்லாருக்கீங்களா? சாப்புட்டீங்களா?”

நல்லா இருக்கேன் என்றாள். அவர் குரலுக்குப் பின்னால் டிவி சத்தமும் நாலைந்து பேர் பேச்சும் கேட்டது. வண்டிப் பட்டறையில் இருக்கிறாராம்.

“இப்பத்தானுங்க உங்க ஆபீசை டிவில காட்டறான். அது எங்க டாக்டரம்மா ஆபீசுன்னு இவனுககிட்டச் சொல்லிட்டே இருந்தனுங்க, நீங்களே கூப்பிடறீங்க. ஏனுங்க, நம்ம யுகியை எதுக்குங்க புடிச்சு உக்கார வெச்சிருக்கீங்க?”

“அவர் ஊசி போடல, பொங்கியண்ணன்.”

“அட, அவருக்கு எதுக்குங்க ஊசி!” அவர் சிரித்தார், சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். “அதெல்லாம் எங்களாட்டம் காட்டுக்குள்ள கெடக்கறவனுக்குங்க. உட்டுருங்கம்மா, ஞாயித்துக்கெழமை ஆட்டமிருக்குது. அவரும் நானும் ஒண்ணுங்களா?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அங்கே விசில் சத்தம் கிளம்பியது.

“உட்டுட்டாங்கங்க! இதா வெளிய வந்துட்டாரு, கையக் காட்டறாரு! நல்லவேளைங்க டாக்டரம்மா, உங்குளுக்குப் புண்ணியமாப் போவும்.”

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. போலீஸ்காரர்களையும் காணோம். எந்த வழியாகக் கூட்டிப்போனார்கள் என்றுகூட அவள் பார்க்கவில்லை. திருச்செங்கோட்டுக்குத் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது.

“பொங்கியண்ணன், கொஞ்சம் தனியா வாங்க. ஒண்ணு சொல்லணும்.”

டிவி சத்தம் மெல்லக் குறைந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. “சொல்லுங்க.”

“அன்னிக்கு உங்கள நான் பிடிச்சு வெச்சிருக்கவே கூடாது. சட்டத்த மாத்திட்டாங்க. உங்க அட்டை செல்லும். நீங்க வந்து எறங்கினப்பவே செல்லும். எல்லாருக்கும் அதுதான்னு நான் சொன்னேனே, அது அப்ப யாருக்கும் இல்ல. உங்களுக்கு மட்டும்தான் நடந்துச்சு.”

இரும்பு நாற்காலி ஒன்றை இழுத்து அவர் உட்காரும் சத்தம் கேட்டது.

“அப்பிடீங்களா” என்றார். “தெரியாமத்தானுங்களே செஞ்சீங்க.” அவளுக்காக அவரே ஒரு காரணம் தேடிக்கொடுத்தார். அதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். “எப்பங்க தெரிஞ்சுது உங்குளுக்கு?”

ஒரு மாசம் கழித்து என்ற பதில் அவளிடம் தயாராக இருந்தது. ஒன்பது வருஷமாக, யாராவது கேட்டால் சொல்ல, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்த பதில். நாக்கு நுனிவரை வந்தது.

“ரெண்டாம் நாள். சனிக்கெழமை சாயங்காலம் அஞ்சரைக்கு.”

“அஞ்சரைக்குங்களா” என்றார். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் ஒரு நாளும் போட்டுப் பார்க்காத கணக்கு.

“எட்டு மணிக்கு எங்கூருக்கு ஒரு பஸ் இருந்துச்சுங்களே, டாக்டரம்மா.”